வயர்லெஸ் மீட்டர் ரிசீவரைச் சோதிப்பது எப்படி? டெல்டா ஊர்களுக்கான முழு வழிகாட்டி

ரேடியோ வழியாக அளவு அனுப்பும் தண்ணீர் மீட்டரோ மின் மீட்டரோ வாங்கப் போனால், விற்பவர் முதலில் எடுத்து வைப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். "ரிசீவர் உணர்திறன் −137 டிபிஎம் சார், ஊர்க்கோடியில இருக்கிற மீட்டரும் கேட்கும்" என்பார். டிபிஎம் என்பது சிக்னல் சக்தியின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக, ரிசீவர் கேட்கக்கூடிய சிக்னல் மெலிதாகிறது. அந்த எண் பொய் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சத்தம் எதுவும் புகாத ஷீல்டு அறைக்குள், ஆண்டெனாவே இல்லாமல், கேபிள் வழியாகச் சிக்னலைச் செலுத்தி எடுத்த எண் அது. அதே ரிசீவரைக் கும்பகோணத்தில் ஒரு மொட்டை மாடியில் மாட்டிப் பாருங்கள். எதிர்ச் சாரியில் செல்போன் கோபுரம், மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், கேட்வே பெட்டிக்குள்ளேயே மலிவான பவர் சப்ளை. சந்தைக்கடையில் நிற்பவருக்குக் காது கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, தன்னைக் கூப்பிடும் குரலைப் பிரித்துக் கேட்கவும் தெரிய வேண்டும். ரிசீவரில் விலை கொடுத்து வாங்க வேண்டியது அந்தப் பிரித்துக் கேட்கும் திறனைத்தான்.

லேஅவுட்டில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் போடும் நலச்சங்கத்தார், அரிசி ஆலையில் இயந்திரவாரியாகத் துணை மீட்டர் வைப்பவர்கள், பேரூராட்சிக்குக் கருவி சப்ளை செய்பவர்கள், ப்ராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் இது உதவும். கேட்வே என்று நான் சொல்வது, பல மீட்டர்கள் அனுப்பும் பாக்கெட்டுகளை ஓரிடத்தில் வாங்கி இணையத்துக்குத் தள்ளும் பெட்டியை. சோதனையில் பெரும்பங்கு அதற்குத்தான்.

படி 1: அலைவரிசை சரியா என்று பாருங்கள்

இந்தியாவில் தனி உரிமம் வாங்காமல் இந்த வேலைக்குப் பயன்படுத்தும் பட்டை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 2005 விதிகளில் 867 வரை இருந்தது, 2021இல் 868 வரை நீட்டினார்கள். 2005 விதிகள் வைத்த வரம்பு: டிரான்ஸ்மிட்டர் சக்தி 1 வாட், ஆண்டெனாவோடு சேர்த்துக் கதிர்வீச்சு 4 வாட், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். உரிமம் வேண்டாம் என்பதால் கருவி வகைக்கான ஒப்புதலும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தச் சான்றிதழின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. ஐரோப்பாவுக்கென்று செய்த வயர்லெஸ் எம்-பஸ் மீட்டர்கள் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் 868.95 அல்லது 868.3 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவை. இரண்டுமே நம் பட்டைக்கு வெளியே. போதாததற்கு, 869இலிருந்து 894 வரை செல்போன் கோபுரங்கள் கைபேசிக்குப் பேசும் பகுதி. 868.95இல் காதை வைப்பவர் கோபுரத்தின் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்ட கருவியை இங்கே சோதித்துப் பார்ப்பதே வீண்.

லோரா (மெதுவாக அனுப்பி நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) வகை என்றால் இந்தியாவுக்கான அடிப்படை சானல்கள் மூன்று: 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ். எஃப்எஸ்கே (அலைவரிசையைச் சற்று மாற்றி மாற்றி 0, 1 அனுப்பும் முறை) மெஷ் வகை, அதாவது மீட்டருக்கு மீட்டர் கைமாற்றிக் கொண்டுவரும் வகை என்றால் சானல் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'தானாகத் தேர்ந்தெடுக்கும்' என்ற பதில் போதாது.

படி 2: காகிதத்தில் ஒரு கணக்கு

கருவியைத் தொடும் முன், அந்த ரிசீவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். டிபி என்பது மடங்கைச் சொல்லும் அலகு: 3 டிபி என்றால் இரண்டு மடங்கு, 10 டிபி என்றால் பத்து மடங்கு. அறை வெப்பநிலையில் இயற்கை இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். அதோடு அலை அகலத்தின் பங்கு, ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல், சிக்னல் எவ்வளவு மேலே நின்றால் புரியும் என்ற அளவு ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும்.

விநாடிக்கு 50 கிலோபிட் எஃப்எஸ்கே, அகலம் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் அகலத்துக்கு 50 டிபி, ரிசீவர் இரைச்சல் 7, தேவையான மேல்நிலை 10. ஆக −107 டிபிஎம். லோராவில் அகலம் 125 கிலோஹெர்ட்ஸ், அதற்கு 51 டிபி. ரிசீவர் இரைச்சல் 6 என்று வைத்தால் −117. எஸ்எஃப் என்பது லோராவின் வேகப் படி; எண் கூடக் கூட வேகம் குறையும், எட்டும் தூரம் கூடும். எஸ்எஃப் 12இல் சிக்னல் இரைச்சலுக்கு 20 டிபி கீழே இருந்தாலும் புரியும் என்பதால் −137. விற்பவர் சொன்ன எண் இங்கிருந்துதான் வருகிறது. எஸ்எஃப் 7இல் அது −124.5 ஆகிவிடும்.

ஆக −137 என்பது எஸ்எஃப் 12க்கு மட்டும் பொருந்தும் எண். 20 பைட் பாக்கெட் ஒன்று எஸ்எஃப் 7இல் காற்றில் இருப்பது சுமார் 57 மில்லிவிநாடி, எஸ்எஃப் 12இல் சுமார் 1.3 விநாடி. இருபது மடங்குக்கும் மேல். பல வருஷம் பேட்டரியில் ஓட வேண்டிய தண்ணீர் மீட்டர் தினமும் எஸ்எஃப் 12இல் கத்திக்கொண்டிருந்தால் பேட்டரி என்ன ஆகும் என்று விற்பவரிடமே கேளுங்கள். அதனால் சோதனையை மீட்டர் அன்றாடம் அனுப்பப்போகும் அதே வேகத்தில், அதே பாக்கெட் நீளத்தில் செய்ய வேண்டும்.

உங்கள் கணக்கைவிட விளம்பர எண் 3 டிபிக்கு மேல் நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்த இழப்பு விகிதத்தில் அளந்தது என்பதும் முக்கியம். ஒருவர் 20 பைட் பாக்கெட்டில் 1 சதவீத இழப்பு என்பார், இன்னொருவர் 250 பைட்டில் 10 சதவீதம் என்பார், மற்றவர் ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்பார். மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட முடியாது.

படி 3: மேசை மேல் என்ன வேண்டும்

வசதி இருந்தால் பாக்கெட் உருவாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் நல்லது. பெரும்பாலானோரிடம் இருக்காது. அதற்குப் பதில் அதே வகை மீட்டர் ரேடியோ ஒன்றை எடுத்து, எண்ணிட்ட பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அனுப்பும்படி வைத்துக்கொண்டால் போதும். அதோடு 30 டிபி நிலை அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) மூன்று, 1 டிபி படிகளில் மாற்றும் அட்டென்யுவேட்டர் ஒன்று, நல்ல எஸ்எம்ஏ கேபிள்கள், ஆண்டெனா வாயை மூட 50 ஓம் டெர்மினேட்டர், இரண்டு சிக்னலை ஒன்றாகச் சேர்க்க ஒரு காம்பைனர், ஆண்டெனா பார்க்க நானோவிஎன்ஏ, காற்றைப் பார்க்க டைனிஎஸ்ஏ போன்ற சிறிய ஸ்பெக்ட்ரம் அனலைசர். இவ்வளவும் இருந்தால் பாதிக்கு மேல் வேலை நடக்கும்.

கேபிளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கேபிளையும் ஒவ்வொரு அட்டென்யுவேட்டரையும் 866 மெகாஹெர்ட்ஸில் அளந்து, கிடைத்த எண்ணைத் தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். 30 என்று அச்சடித்தது 29.2 ஆக இருக்கும். மூன்றைச் சேர்த்தால் அந்தப் பிசகே உங்கள் முடிவைத் தின்றுவிடும்.

படி 4: கசிவை அடைத்துவிடுங்கள்

மேசைச் சோதனையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அனுப்பும் ரேடியோ 14 டிபிஎம்மில் பேசுகிறது. ரிசீவருக்கு −110 டிபிஎம் போய்ச் சேர வேண்டும். நடுவில் 124 டிபி குறைப்பு தேவை. அட்டென்யுவேட்டர்களை அடுக்கிவிட்டீர்கள், சரி. ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே மேசையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் காற்று வழியாக இழப்பு வெறும் 31 டிபிதான். பலகையிலிருந்தும் பவர் வயரிலிருந்தும் கசிவது அட்டென்யுவேட்டர் பாதையைச் சுற்றிக்கொண்டு நேரே ரிசீவருக்குள் நுழைந்துவிடும். திரையில் '−130 டிபிஎம்மிலும் பாக்கெட் வருகிறது' என்று பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள். வருவது கேபிள் வழியாக அல்ல.

கண்டுபிடிப்பது சுலபம். ரிசீவரின் ஆண்டெனா வாயிலிருந்து கேபிளைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டுங்கள். அனுப்பும் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு பாக்கெட்கூட வரக்கூடாது. வந்தால் கசிவு இருக்கிறது. அது நிற்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடைப்பதற்கு அனுப்பும் ரேடியோவைப் பேட்டரியோடு சேர்த்து உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே வருவது எஸ்எம்ஏ இணைப்பு ஒன்று மட்டும்தான், எந்த வயரும் கூடாது. வார்ப்பு அலுமினியப் பெட்டி நன்றாக இருக்கும். கும்பகோணத்தில் கிடைக்கும் கனமான பித்தளைச் சம்படத்தை வைத்தும் செய்யலாம், உலோகம் ஒன்றும் குறை சொல்ல முடியாதது. மூடி பொருந்தும் விளிம்பில்தான் விஷயம். கண்ணுக்குத் தெரியாத நீள இடுக்கு ஒன்று இருந்தால் அதுவே ஆண்டெனா ஆகிவிடும். விளிம்பு முழுக்கத் தாமிர டேப் ஒட்டி, அமுக்கி மூடுங்கள். ஒன்று போதாவிட்டால் ரிசீவருக்கும் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஓர் அறை தூரம்.

படி 5: உணர்திறன் வளைவு

−90 டிபிஎம்மில் தொடங்கி 5 டிபி படிகளில் இறங்குங்கள். பாக்கெட் விழத் தொடங்கியதும் 1 டிபி படிகளுக்கு மாறுங்கள். ஒவ்வொரு படியிலும் அனுப்பிய எண்ணிக்கையையும் பிழையில்லாமல் வந்த எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள்.

எத்தனை பாக்கெட்? 100 அனுப்பி 10 விழுந்தால் உண்மையான இழப்பு 4 முதல் 16 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 1000 அனுப்பி 100 விழுந்தால்தான் 8 முதல் 12க்குள் அடங்கும். 300 அனுப்பி ஒன்றுகூட விழவில்லை என்றாலும், 'இழப்பு 1 சதவீதத்துக்குள்' என்றுதான் சொல்லலாமே தவிர 'இழப்பே இல்லை' என்று சொல்லக் கூடாது. விற்பவர் காட்டும் நேரடி டெமோவில் 20 பாக்கெட் வந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இந்த எண்களை வரைபடமாகப் போட்டால், நல்ல ரிசீவரில் வளைவு செங்குத்தாக விழும். சில டிபி இடைவெளியில் கிட்டத்தட்ட எல்லாம் வரும் நிலையிலிருந்து ஒன்றுமே வராத நிலைக்குப் போய்விடும். விழாமல் இழுத்துக்கொண்டே, 10 டிபி முழுக்க 5 சதவீதம், 8 சதவீதம் என்று நடுநடுவே விழுந்துகொண்டிருந்தால் காரணம் பலவீனமான சிக்னல் அல்ல. பலகைக்குள்ளேயே ஏதோ அவ்வப்போது சத்தம் போடுகிறது, அல்லது மென்பொருள் பாக்கெட்டை நழுவ விடுகிறது.

அதே ஓட்டத்தில் ரிசீவர் காட்டும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேர்ந்த சிக்னலின் பலம்) அளவையும் நீங்கள் கொடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் களத்தில் அந்த எண்ணை வைத்துத்தான் பேசப் போகிறீர்கள். 5 டிபி பொய் சொல்லும் ரிசீவரைத் திருத்தலாம், எவ்வளவு பொய் என்று தெரிந்தால்.

மறுமுனையையும் விடாதீர்கள். கேட்வேக்கு அடியிலேயே மீட்டர் இருக்கும் வீடும் உண்டு. −10 டிபிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். தூரத்து மீட்டரைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, பக்கத்து மீட்டரில் திணறும் ரிசீவர்களும் இருக்கின்றன.

படி 6: வெயிலும் கிரிஸ்டலும்

மீட்டரிலும் கேட்வேயிலும் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வரை விலகலாம் என்றால், 866 மெகாஹெர்ட்ஸில் அது 17 கிலோஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் எதிரெதிராக விலகினால் 35 வரை. வெயில் நேரே விழும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் மீட்டர், கத்திரி வெயில் மதியத்தில் ஒன்று பேசும், மார்கழி விடியலில் வேறு பேசும். சிக்னலை உணர்திறன் எல்லையிலிருந்து 3 டிபி மேலே வைத்து, அலைவரிசையை 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் இரு பக்கமும் நகர்த்தி, எங்கே இழப்பு ஏறுகிறது என்று பாருங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் லோரா சுமார் 30 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். குறுகிய எஃப்எஸ்கே அவ்வளவு தாங்காது. மதியம் மட்டும் காணாமல் போகும் மீட்டர் என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

படி 7: பக்கத்துக் கோபுரம்

எனக்கு இதுதான் முழுச் சோதனையிலும் முக்கியமான படி. ஒரு கணக்கைப் பாருங்கள். கோபுரத்தின் ஒரு கேரியர் 43 டிபிஎம், ஆண்டெனா ஆதாயம் 15 டிபி என்று வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு 58 டிபிஎம். 200 மீட்டரில் காற்று இழப்பு 77 டிபி. கோபுர ஆண்டெனா நேர் எதிரே பார்த்தபடி இருந்தால் உங்கள் ஆண்டெனாவில் −19 டிபிஎம் வந்து விழுகிறது. நீங்கள் கேட்க நினைக்கும் மீட்டர் −110இல் முனகுகிறது. நடுவில் 91 டிபி வித்தியாசம், அலைவரிசையில் விலகல் மூன்று நான்கு மெகாஹெர்ட்ஸ்தான். தஞ்சாவூர் கீழவாசல், கும்பகோணம் பெரிய கடைத்தெரு மாதிரி நெருக்கமான இடங்களில் 200 மீட்டருக்குள் கோபுரம் இல்லாத மாடி கிடைப்பது கஷ்டம்.

சோதிக்கும் முறை: மீட்டர் சிக்னலை உணர்திறன் எல்லைக்கு 3 டிபி மேலே வைத்துக்கொள்ளுங்கள். காம்பைனர் வழியாக இரண்டாவது சிக்னல் ஒன்றைச் சேருங்கள். முதலில் 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, பிறகு 400, அதன் பிறகு 1, 2, 4, 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. ஒவ்வோர் இடத்திலும் இரண்டாவதை ஏற்றிக்கொண்டே போய், இழப்பு 10 சதவீதத்தைத் தொடும் அளவைக் குறியுங்கள். அந்த அளவுக்கும் மீட்டர் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம்தான் தடுப்புத் திறன். 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளிக் கிடைக்கும் எண்ணை வட்டமிட்டு வையுங்கள். −137ஐ விட, கும்பகோணத்து மாடிக்கு அந்த எண்தான் பேசும்.

ஓர் எச்சரிக்கை. மலிவான சிக்னல் மூலத்தின் அலை சுத்தமாக இருக்காது. அதன் ஓரச் சத்தமே மீட்டர் சானலில் வழிந்து, ரிசீவர் மோசம் என்று தப்பான முடிவைத் தரும். டைனிஎஸ்ஏ தரும் சதுர அலையை இந்தப் படிக்கு நம்ப வேண்டாம். பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் நல்ல ஜெனரேட்டர் இருந்தால் அரை நாள் கேட்டு வாங்குங்கள்.

படி 8: சத்தம் எங்கிருந்து? 6 டிபி வித்தை

மாடியில் கேட்வேயை மாட்டியாயிற்று, இரைச்சல் தளம் (மீட்டர் பேசாதபோதும் நிற்கும் சத்தம்) மேசையில் பார்த்ததைவிட 10 டிபி மேலே நிற்கிறது. யார் காரணம்? ஆண்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே 6 டிபி அட்டென்யுவேட்டர் ஒன்றை மாட்டுங்கள்.

இரைச்சல் 5, 6 டிபி இறங்கினால் அது ஆண்டெனா வழியாக, உங்கள் சானலுக்குள்ளேயே வருவது. கோபுரத்தின் ஓரக் கசிவாகவோ பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராகவோ உங்கள் பெட்டியே ஆண்டெனாவுக்குள் கசிவதாகவோ இருக்கலாம். 6ஐ விட நிறைய இறங்கினால் ரிசீவர் திணறுகிறது. பலமான சிக்னல்கள் உள்ளே கலந்து போலிச் சத்தம் பிறக்கிறது. இறங்கவே இல்லை என்றால் சத்தம் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது.

மருந்து மூன்றுக்கும் வேறு வேறு. திணறலுக்கு ஃபில்டர் உதவும். சிறிய சா (SAW) ஃபில்டர் 2, 3 டிபி இழப்போடு வரும். 869ஐ ஒட்டிச் சட்டென்று வெட்டாது, சில மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் பிடிக்கும். கேவிட்டி ஃபில்டர் கூர்மையாக வெட்டும், விலையும் கனமும் அதிகம். கோபுரமே உங்கள் சானலில் கசிந்தால் எந்த ஃபில்டரும் உதவாது. ஆண்டெனாவை மாடியின் மறுபக்கம் கொண்டுபோய், மாடிப்படிக் கூண்டின் கான்கிரீட் சுவரைக் கோபுரத்துக்கு மறைப்பாக வைத்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. பெட்டிக்குள் சத்தம் என்றால், பவர் அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் 4ஜி மோடத்தை நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தியபோது இரைச்சல் விழுந்ததோ அதுதான் ஆள். ஆண்டெனாவைப் பெட்டியின் தலையிலேயே திருகி வைக்கும் வழக்கத்தை விட்டு, இரண்டு மீட்டர் கேபிளில் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

படி 9: ஆண்டெனா

866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 34.6 செ.மீ., கால் பங்கு 8.7 செ.மீ. நானோவிஎன்ஏயில் திரும்பும் சிக்னல் −10 டிபிக்குக் கீழே இருக்க வேண்டும். திறந்த வெளியில் அளந்தால் பயனில்லை. மீட்டருக்குள் பொருத்தி, பெட்டி மூடியைச் சாத்தி, சுவரில் மாட்டிய நிலையில் அளங்கள். இரும்பு மூடியைச் சாத்தியதும் இசைவு எங்கோ ஓடிவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்தவர்கள் அதன்பிறகு இரும்புப் பெட்டி கேட்பதில்லை.

படி 10: தெருவிலும் வயலிலும்

இடம் தேர்ந்தெடுப்பதில் ஊரை அறிந்தவர் கை ஓங்கும். நான்கு வகை இடமாவது வேண்டும். ஒன்றை ஒன்று ஒட்டி நீளமாக உள்ளே போகும் பழைய அக்கிரகாரத்து வீட்டு வரிசை, வயல் நடுவில் தனித்து நிற்கும் வீடு, தென்னந்தோப்புக்குள் ஒன்று, தண்ணீர் மீட்டர் குழி ஒன்று.

டெல்டா தட்டையான நிலம், குன்றும் மேடும் கிடையாது, அதனால் சிக்னல் தடையில்லாமல் போகும் என்று நினைப்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். தட்டையான நிலத்தில் நேரே வரும் அலையோடு தரையில் பட்டு வரும் அலையும் சேர்ந்து ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளும். மீட்டர் 1.5 மீட்டர் உயரம், கேட்வே 8 மீட்டர் உயரம் என்றால் சுமார் 440 மீட்டர் தாண்டியதும் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 12 டிபி போகும், வழக்கமான 6 அல்ல. 2 கிலோமீட்டரில் வெறும் காற்றுக் கணக்கு 97 டிபி இழப்பு காட்டும், தரையையும் சேர்த்தால் 110. மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் கட்டிய பிறகும் இதே கதைதான். இதற்கு உயரம்தான் வைத்தியம். கேட்வேயை 8இலிருந்து 16 மீட்டருக்கு ஏற்றினால் 6 டிபி லாபம். டிரான்ஸ்மிட்டர் சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டிபிதான்.

ஒவ்வோர் இடத்திலும் 'வருகிறதா, இல்லையா' என்று மட்டும் பார்க்காதீர்கள். கேட்வே ஆண்டெனா கேபிளில் படி அட்டென்யுவேட்டரை நுழைத்து, பாக்கெட் இழப்பு 10 சதவீதம் ஆகும்வரை கூட்டுங்கள். எத்தனை டிபி கூட்ட முடிந்ததோ அதுதான் கையிருப்பு. ஆண்டெனா வழியாகச் சத்தம் வரும் இடத்தில் அட்டென்யுவேட்டர் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் குறைப்பதால் இந்தக் கையிருப்பு உண்மையைவிட அதிகமாகத் தெரியும், அதனால் படி 8ஐ முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். கோடையில் 15 டிபிக்குக் குறைவான கையிருப்பு உள்ள வீட்டை நான் தேறியதாக எழுத மாட்டேன்.

ஏன் 15? மழைத்துளி இந்த அலைவரிசையைத் தடுப்பதில்லை. 'மழையில சிக்னல் போயிடும்' என்பதற்கு 866இல் ஆதாரமில்லை. ஆனால் மழை நனைத்துவைப்பவை தடுக்கும். ஐப்பசி அடைமழையில் ஊறிய செங்கல் சுவர், நீர் சொட்டும் தென்னை மட்டை, நிரம்பிய மீட்டர் குழி. குழிக்குள் நீர் ஏறினால் அலை தேய்வது மட்டுமல்ல, ஆண்டெனாவின் இசைவே மாறிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உவர்நீர் ஊறும் குழிகளில் இன்னும் மோசம். குழி மீட்டரைக் கோடையில் சோதிக்கும்போதே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, மீட்டர் முழுகும்வரை நிரப்பிச் சோதியுங்கள். ஆண்டெனாவைக் குழிமூடி மட்டத்துக்கு ஏற்றித் தரும் மாடல் இருந்தால் அதிக விலையானாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

தோப்புக்கு ஒரு சின்னக் குறிப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மறுநடவு செய்த கன்றுகள் உயர்ந்துகொண்டிருக்கின்றன. இன்று அவற்றின் தலைக்கு மேலாகப் போகும் சிக்னல் சில வருஷத்தில் மட்டைக்கு நடுவே போக வேண்டியிருக்கும். அறிக்கையில் மரத்தின் உயரத்தையும் எழுதி வையுங்கள்.

படி 11: இது ரிசீவர் குற்றமா, நெரிசலா?

500 மீட்டர்கள், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒருமுறை 20 மில்லிவிநாடி பாக்கெட், எல்லாம் ஒரே சானலில், யாரும் யாரையும் கேட்காமல் பேசுகின்றன என்று வையுங்கள். கணக்குப்படி ஏறக்குறைய 28 சதவீதம் மோதியே போய்விடும். எவ்வளவு நல்ல ரிசீவராக இருந்தாலும் அதே கதிதான். அது பெரிய குறையும் அல்ல. மணிக்கு ஒரு அளவு போதும் என்றால், அறுபது முயற்சியில் ஒன்று தேறினால் போதும். மோதலில் பலியாவது மாறி மாறி எல்லா மீட்டரும். சுவருக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் அப்படியல்ல, அறுபதில் ஒன்றுகூட வந்து சேராது. பதிவைப் பிரித்துப் பாருங்கள்: இழப்பு எல்லா மீட்டரிலும் பரவலாக இருந்தால் நெரிசல், குறிப்பிட்ட சில மீட்டரிலேயே குவிந்திருந்தால் இடமோ ரிசீவரோ.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

சோதனையை முடித்துவிட்டு வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். 'உணர்திறன் −137' என்ற ஒரு வரிக்குப் பதில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த வேகத்தில், எந்தப் பாக்கெட் நீளத்தில், எந்த இழப்பில் அளந்த உணர்திறன்; 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தடுப்புத் திறன்; பெட்டிக்குள் எல்லாம் ஓடும்போது இரைச்சல் எவ்வளவு ஏறலாம்; ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தபட்சக் கையிருப்பு; ஒரு நாளில் ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் வந்துசேர வேண்டிய அளவுகளின் எண்ணிக்கை. கடைசித் தவணைப் பணத்தை வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில், சுவரெல்லாம் ஊறிய பிறகு, அதே இடங்களில் மறுசோதனை செய்து கொடுப்பதாக எழுதுங்கள். சித்திரையில் மாட்டி வைகாசியில் பணம் வாங்கிக்கொண்டு போக நினைப்பவர் இந்த வரிக்குத்தான் மறுப்புச் சொல்வார். மற்ற எதில் இறங்கிவந்தாலும் இதில் இறங்காதீர்கள்.